மேக்காட்டில் வெளிர்பச்சைக் கோடுகள்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை சர்க்கரைவள்ளிக் கொடி நறுக்கியது. எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த பாத்தியிலிருந்து நான் கொடிகளை இழுத்துப் போட்டேன். அம்மா வாசல் கல்லில் உட்கார்ந்து, முழத்துக்கு ஒன்றாக வெட்டி, நுனிகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கினாள். இருமல் வந்தால் கத்தியைக் கீழே வைப்பாள். இருமி முடித்ததும் மறுபடி எடுப்பாள்.

"தலைகீழா நட்டுடாதய்யா. கணக்குப் படிச்சவனுக்குக் கொடியிலே தல எது, காலு எதுன்னு தெரியாது."

"தெரியும்மா."

"போன தடவை தெரிஞ்சுதா?"

போன தடவை தெரியவில்லை. அவள் சிரிக்கத் தொடங்கினாள்; அது இருமலில் போய் முடிந்தது. அன்று மாலை படுத்தவள், பிறகு ஒரு வேலைக்கும் எழுந்திருக்கவில்லை. ஜப்பான்காரர்கள் மலையை விட்டுப் போவதற்குச் சில வாரங்கள் இருந்தபோது இறந்துபோனாள்.

அவள் பெயர் பிலோமி. தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். மலைக்குச் சடக்கு, அதாவது சாலை, போட்டு, காட்டை வெட்டித் தேயிலை நட ஆள் சேர்த்தபோது, என் அப்பா அருள்சாமியோடு மேலே வந்தாள். முதல் மழைக்காலத்திலேயே அப்பாவைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அம்மா கூடையை முதுகில் போட்டுக்கொண்டாள். அதை இறக்கியதாக எனக்கு நினைவில்லை.

தேயிலையைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. தேநீர் குடிக்கமாட்டாள், வெந்நீர்தான். கேட்டால், "நாள் பூரா அது மூஞ்சியிலேதான் முழிக்கிறேன். குடிக்க வேற செய்யணுமா?" என்பாள். ஆனால் பறிப்பதில் அவளை முந்த அவள் நிரையில் ஆள் இல்லை. இரண்டு இலை, ஒரு மொட்டு. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சிறு திருகல். அவள் கண் அதைப் பார்க்காது. பேசிக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டே, செபமாலை சொல்லிக்கொண்டே பறிப்பாள்.

மாதா கோவில் சாமியாரின் உதவியால் நான் கோலாலம்பூரில் தொழிற்பள்ளியில் படித்தேன். நில அளவை, கட்டுமானக் கணக்கு. பிறகு ஒரு சாலை அலுவலகத்தில் வரைபட வேலை. ஜப்பான்காரன் வந்ததும் அலுவலகம் மூடிக்கிடந்தது. நான் தாப்பாவிலிருந்து நடந்தே மலை ஏறினேன். லயத்து வாசலில் என்னைப் பார்த்ததும் அம்மா கேட்டது, "செருப்பு எங்கே?"

வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டார்கள். ஜப்பான்காரர்கள் சடக்குக்குப் பக்கத்தில் இருந்த தேயிலைக் காடுகளில் மட்டும் கொழுந்து பறிக்கச் சொன்னார்கள். சிலவற்றில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டார்கள். அந்தக் குளிரில் அது சுண்டுவிரல் பருமனுக்கு மேல் கிழங்கு வைக்கவில்லை. தூரத்துக் காடுகளை அப்படியே விட்டுவிட்டார்கள். எங்கள் லயத்துக்கு மேலே, சரிவின் உச்சியில் இருந்தது அப்படி விட்ட ஒரு காடு. மேக்காடு என்போம். பறிக்கவும் இல்லை, கவாத்து வெட்டவும் இல்லை. இடுப்பளவுக்கு மேசைபோல் நின்ற செடிகள், ஒன்றரை வருடத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன.

பிறகு சயாம் ரயில் வேலைக்கு ஆள் கேட்டார்கள். முதலில் நல்ல சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். போனவர்களிடமிருந்து சேதி வராததால் யாரும் பெயர் கொடுக்கவில்லை. அடுத்து, தோட்டத்துக்கு இத்தனை தலை என்று உத்தரவு வந்தது. கருப்பையா கங்காணி எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"பிலோமி, ஒன் மகன் இருக்கானா?"

"ஈப்போவுக்குப் போயிட்டான் கங்காணி. வேலை தேடி."

"ஈப்போவிலே இப்ப என்ன வேலை இருக்கு?"

"அதைத்தான் தேடறான்."

கங்காணி சிரிக்கவில்லை. "பெருநாள் கழிச்சு லோரி வருதாம். வயசுப் பையன் எவன் கண்ணுலே பட்டாலும் ஏத்தச் சொல்லியிருக்கான். என் கையிலே ஒண்ணும் இல்லே." என் செருப்பு இல்லாத கால் கதவுக்குப் பின்னால் தெரிந்திருக்க வேண்டும். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடியும் முன்பே அம்மா என்னை மேக்காட்டுக்குக் கூட்டிப் போனாள்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் காடு நுழைய முடியாத பச்சைச் சுவர். குனிந்து உள்ளே போனால் வெற்றிடம். கிளைகளும் சருகும் மட்டும், இலையே இல்லை. அங்கே ஆள் உட்காரலாம், படுக்கலாம், நிரை நெடுகத் தவழ்ந்து போகலாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்ததும் ஆச்சரியம் போய்விட்டது. வேறு வேலை இருக்கவில்லை.

ஓர் அடுக்கு இலை தன் மேல் விழும் வெளிச்சத்தில் பாதியைப் பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த அடுக்குக்கு அரை. அதற்கு அடுத்ததற்குக் கால். பிறகு அரைக்கால், பிறகு வீசம். ஐந்தாம் அடுக்கில் இருக்கும் இலை, செடியிடமிருந்து வாங்கும் தண்ணீருக்கும் சத்துக்கும் ஈடாக எதையும் செய்து கொடுக்க முடியாது. செடி அதைக் கைவிடுகிறது. ஆகவே ஒரு பெரிய செடி என்பது மேலே ஒரு பச்சைத் தோல், உள்ளே குச்சிகள். மேக்காடு முழுக்க அப்படித்தான் இருந்தது.

நிரைகளுக்கு நடுவே கூரை மூடியதும் ஒரு கணக்குதான். தண்டு தன் எடையைத் தானே தாங்கி நிமிர்ந்து நிற்க வேண்டுமானால், உயரம் இரண்டு மடங்காகும்போது பருமன் ஏறக்குறைய மூன்று மடங்காக வேண்டும். பாலத் தூணுக்கும் அதே விதி. இந்தத் தண்டுகளுக்கு அவ்வளவு பெருக்க நேரம் இல்லை. பக்கத்துச் செடி உயர்கிறது, அதன் நிழலில் மாட்டாமல் இருக்கத் தானும் உயர வேண்டும். மெலிந்து உயர்ந்தன, எடை தாங்காமல் வளைந்தன, எதிர் நிரையோடு தலை சேர்ந்தன.

அம்மா விறகுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் வருவாள். மடியில் கிழங்கோ, கொஞ்சம் சோறோ இருக்கும். நான் சாப்பிடும் வரை உட்கார்ந்திருப்பாள். களைப்பில் சில நாள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். விழித்துக்கொண்டால், "இன்னிக்கு என்ன கண்டுபிடிச்சே?" என்று கேட்பாள். அது கேலி.

ஒரு நாள் ஒரு கொப்பைக் காட்டினேன். இலைகள் தண்டைச் சுற்றி ஏறுகின்றன. முதல் இலைக்கு நேர் மேலே வருவது ஆறாவது. அதற்குள் தண்டை இரண்டு முறை சுற்றியாகிவிட்டது. எந்தக் கொப்பை எடுத்தாலும் ஏறக்குறைய இதுதான்.

"மூணு வருசம் படிச்சிட்டு வந்து இலையை எண்ணுறே. நான் எண்ணாமலே நெறுத்துப் போட்டேன்."

"ஏன் அப்படி வருதுன்னு கேளும்மா."

"சொல்லு. சொல்லாம விடவா போறே."

"நுனி மொட்டிலே புது இலை பிறக்கும்போது இடம் ரொம்ப நெருக்கம். ஏற்கெனவே இருக்கிற இலைங்க நடுவுலே எங்கே இடைவெளி பெரிசோ, அங்கேதான் புதுசு முளைக்கும். அதுக்கடுத்ததும் அப்படித்தான். யாரும் அளந்து கொடுக்கலே. லோரியிலே கடைசியா ஏறுறவன் எங்கே எடம் இருக்கோ அங்கே போய் நிக்கிற மாதிரி."

அவள் முகம் மாறியது. "லோரிப் பேச்சு வேணாம்."

பேச்சை மாற்றினேன். மரங்கள் ஏன் உயரமாக இருக்கின்றன என்று சொன்னேன். எல்லா மரமும் குட்டையாகவே நின்றால் எல்லாவற்றுக்கும் அதே வெயில்தான் கிடைக்கும், உடம்பும் மிச்சம். ஆனால் ஒன்று சற்று உயர்ந்தால் பக்கத்தில் இருப்பது நிழலில் சாகும். உயர்ந்தது விதை விடும். அதன் பிள்ளைகளும் உயரும். எத்தனையோ தலைமுறை இப்படிப் போய்த்தான் காடு காடாயிற்று. தேயிலையும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த மரம்தான். கவாத்துக் கத்திதான் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் நிறுத்திவைத்தது.

"அப்ப ஒண்ணு உசந்தா இன்னொண்ணு சாகணும்."

"நிழல்லே விழுந்தா."

"ம்," என்றாள். எழுந்து விறகைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனாள்.

மேக்காட்டின் முகட்டில் ஒரு பாறை உண்டு. பெருநாளுக்கு ஒரு மாதத்துக்கும் கூடுதலாக இருந்தபோது, ஒரு காலை பனி விலகுமுன் அதன் மேல் ஏறினேன், கால் நீட்ட. பனி கீழிருந்து விலகியது. சரிவு முழுக்கக் கரும்பச்சை. அதன் நடுவே, எங்கள் லயத்தின் பின்புறத்திலிருந்து கிளம்பி, இரண்டு வளைவு வளைந்து, நான் படுத்திருந்த இடம் வரை, வெளிர்பச்சையில் ஒரு கோடு. வரைபடத்தில் நான் சாலை போடுவது போல அவ்வளவு தெளிவாக இருந்தது. எதிர் மலைச் சடக்கில் நின்று பார்க்கும் எவனுக்கும் தெரியும்.

காரணம் புரியச் சற்று நேரமாயிற்று. நுனி மொட்டு இருக்கும்வரை கீழே இருக்கும் மொட்டுகளை அது தூங்கவைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அவை விழிக்கின்றன. ஒன்றுக்கு இரண்டு மூன்றாகத் துளிர்க்கின்றன. புதுத் துளிருக்கு இன்னும் பச்சை ஏறியிருக்காது. தேயிலைத் தொழிலே இதை நம்பித்தான் நடக்கிறது. யாரோ அந்த வழி நெடுகக் கொழுந்து பறித்திருக்கிறார்கள்.

மாலை அம்மா வந்ததும் கேட்டேன்.

"வர்ற வழியிலே கொழுந்து கிள்ளுறியாம்மா?"

"நானா? எதுக்குக் கிள்ளப்போறேன்? கூடை இருக்கா, நெறுவை இருக்கா? எனக்கென்ன பைத்தியமா?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் வலது கை தலைக்கு மேலே போயிற்று. திரும்பி வந்தபோது விரல்களுக்கிடையே இரண்டு இலையும் ஒரு மொட்டும். இருவரும் அதைப் பார்த்தோம்.

"அட தேவமாதாவே," என்றாள்.

அதைக் கீழே போடக்கூட இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்தக் கையை இன்னொரு கையால் அடித்தாள், பிள்ளையை அடிப்பது போல.

நான் வேறு இடத்துக்குப் போய்விடலாம் என்றேன். எங்கே என்று கேட்டாள். மற்ற காடுகளில் ஆள் வேலை செய்கிறார்கள். முகட்டுக்கு அப்பால் பெருங்காடு. அந்தக் குளிரில், மழையில், சோறு இல்லாமல் நாள் தள்ள முடியாது. துளிரை எல்லாம் அறுத்துவிடலாம் என்றேன். "அறுத்தா இன்னும் துளுக்கும். ஒனக்குத் தெரியாததா?" என்றாள். அது சரி. விட்டுவிட்டால் கருக்க நாளாகும்.

"எங்கே இருந்து பார்த்தே?"

"பாறையிலேருந்து."

"ஒத்தக் கோடா தெரியுது?"

"ஒத்தக் கோடு."

"ஒத்தையா இருக்கறதாலேதானே தெரியுது," என்றாள் அலுப்பாக. "மலை பூராவும் கிழிச்சு விட்டா எவன் எதைப் பார்ப்பான்?"

எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் வேறு வழி இருக்கவில்லை. நான் கணக்குப் பார்த்தேன். இந்தக் குளிரில் கிள்ளிய கொப்பு துளிர்த்துத் தூரத்துக்குத் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பெருநாள் கழித்து லோரி. உடனே தொடங்கினால் புதுக் கோடுகள் வெளுக்கும் சமயமும், பழைய கோடு மங்கும் சமயமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். தாமதித்தால் வராது.

நானும் கிள்ளிப் பார்த்தேன். "அது முத்தின இலை. அதைப் பிச்சா சீக்கிரம் துளிர் வராது. நீ பேசாம இரு," என்றாள். சரிவின் கீழ்ப்பாதி சடக்குக்குத் தெரியும் என்பதால் அங்கே நான் இறங்கவும் முடியாது. அவள்தான் நடந்தாள். பகல் முழுக்கக் கீழ்க்காட்டில் பறித்துவிட்டு, மாலையில் விறகுக் கயிற்றோடு மேலே வருவாள். லயத்திலிருந்து ஓடைக்கு ஒரு கோடு, ஓடையிலிருந்து முகட்டுக்கு ஒன்று, எங்குமே போகாத கோடுகள் சில. அது மழை மாதம். நான் உள்ளே குச்சிகளுக்கு நடுவே உட்கார்ந்து, மேலே இலைகள் விலகும் சத்தம் நகர்ந்து போவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் நின்று நின்று போகும். அப்போதே இருமல் தொடங்கியிருந்தது.

"போதும்மா," என்று ஒரு மாலை சொன்னேன்.

"எத்தனையோ வருசம் துரைக்குப் பறிச்சேன். எனக்குன்னு பறிக்கறது இதுதான். பேசாம இரு."

பெருநாள் கழிந்து லோரி வந்தது. நான் பாறை இடுக்கிலிருந்து பார்த்தேன். அதற்குள் சரிவு முழுக்க வெளிர்பச்சைக் கோடுகள், ஈரத் துணியில் சாயம் ஓடியதுபோல. எதிர்ச் சடக்கில் ஜப்பான் அதிகாரி நின்று வெகுநேரம் பார்த்தான். கருப்பையா கங்காணி பக்கத்தில் கைகட்டி நின்றார்.

அங்கே என்ன பேசினார்கள் என்பதை அம்மா பிறகு சொன்னாள். அந்தக் கோடுகள் என்ன என்று அதிகாரி கேட்டானாம். "பொம்பளைங்க களவாக் கொழுந்து பறிக்கிறாங்க, தொரை. வீட்டுக்கு," என்றாராம் கங்காணி. தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. லயத்துப் பெண்கள் அத்தனை பேரையும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மண்டியிட வைத்தார்கள். மழை பெய்தது. இருட்டும்வரை எழுந்திருக்க விடவில்லை. மேக்காட்டுக்கு யாரும் ஏறவில்லை.

நான் இல்லாததால் அவர்கள் கேட்ட கணக்கில் தலை ஒன்று குறைந்தது. தேயிலை காயவைக்கும் ஸ்டோரில் அடுப்புப் பார்த்த ராமையாவை ஏற்றினார்கள். அடுப்புக்கு ஆள் வேண்டும் என்பதால் அதுவரை அவரை விட்டுவைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்து வீடு. அவர் மனைவி தங்கம்மா அம்மாவுக்குப் பக்கத்தில்தான் மண்டியிட்டிருந்தாள். தன் கணவன் லோரியில் ஏறுவதை அப்படியே பார்த்தாள்.

அம்மா மறுநாள்தான் மேலே வந்தாள். "ராமையாவை ஏத்திட்டாங்க," என்றாள். பிறகு, "சோத்தைச் சாப்பிடு," என்றாள்.

அதன் பிறகு ஆள் கேட்பது குறைந்தது. நான் லயத்துக்குத் திரும்பினேன். கங்காணி என்னைப் பார்த்து, "ஈப்போவிலே மழையா?" என்று மட்டும் கேட்டார். அம்மாவின் இருமல் நிற்கவில்லை. மருந்து என்று எதுவும் இல்லை. அவள் கூடையோடு போவதும் பாதியில் திரும்புவதுமாக ஒரு வருடத்துக்கு மேல் கழிந்தது. தங்கம்மா அதே குழாயில் தண்ணீர் பிடித்தாள், அதே சுவரின் மறுபக்கம் சமைத்தாள். அம்மாவுக்கு முடியாத நாட்களில் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். அம்மா அதைக் குடித்தாள். குடிக்கும்போது தலை நிமிரமாட்டாள்.

கொடி நறுக்குவதற்கு முந்தின நாள் தங்கம்மா வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

"பிலோமியக்கா, மணியம்மா மகன் இருளப்பன் சயாமிலேருந்து ஓடியாந்துட்டானாம். கம்போங் ராஜாவிலே, காய்கறித் தோட்டத்துக் குடிசை ஒண்ணுலே ஒளிஞ்சு கெடக்கானாம்."

"யாரு சொன்னா?"

"திரிங்காப்புலே காய் ஏத்துற லோரிக்காரன். ஆனா பயத்திலே எவர்கிட்டேயும் வாயைத் தொறக்க மாட்டேங்கிறானாம். நீங்க கேட்டா சொல்வான்க்கா. நீங்களும் அவங்கம்மாவும் ஒரே நெரைதானே."

"ஒரே நெரைதான். சின்னதுலே அவனை என் கூடையிலே போட்டுத் தூக்கியிருக்கேன்."

"அவரு இருக்காரா, இல்லியான்னு. அது போதும்க்கா. வேற ஒண்ணும் கேக்க வேணாம்."

"வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் போயிடலாம், தங்கம்மா. நானே கேக்கறேன்."

தங்கம்மா போன பிறகு அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அவகிட்டே நானும் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. போற வழியிலே சொல்லிக்கறேன். ரெண்டு பேரும் தனியா நடக்கும்போது."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தங்கம்மா தலை வாரி, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். அம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. "அடுத்த வாரம்," என்றாள். தங்கம்மா உள்ளே வந்து போர்வையைச் சரியாக இழுத்துவிட்டுப் போனாள்.

அம்மா இறந்த பிறகும் கம்போங் ராஜாவுக்கு இன்னும் யாரும் போகவில்லை.